குடும்ப மருத்துவர் எங்கே போனார்? அவசர சிகிச்சைப் பிரிவின் நெரிசலுக்குப் பின்னுள்ள வரலாறு

1992 ஜூலை 8ஆம் நாள் மாலை, மேற்கு வங்கத்தின் மதுராபூர் நிலையத்தில் விவசாயத் தொழிலாளர் ஒருவர் ரயிலிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த காயம். மூளையில் இரத்தக் கசிவு. அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குரிய வசதி இல்லை. கல்கத்தாவின் நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுக்கை இல்லை. அந்நகரின் வேறு பல அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசென்றும் இடம் கிடைக்கவில்லை. இறுதியில் தனியார் மருத்துவமனையொன்றில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவில் சிகிச்சை பெற்றார். 1996 மே மாதம் உச்சநீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறியது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதிசெய்யும் வாழ்வுரிமையை மீறிய செயல் எனத் தீர்ப்பளித்து, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

அவசர சிகிச்சையை உரிமையாக நிலைநாட்டிய தீர்ப்பாகவே இது பெரிதும் படிக்கப்படுகிறது. ஆனால் அன்றிரவு வெளிப்பட்ட குறைகள் இரண்டு: அருகிலிருந்த இடத்தில் வசதியில்லை, வசதியிருந்த இடத்தில் இடமில்லை. இவ்விரண்டும் ஒரே வரலாற்றின் இரு முனைகள்.

பெருமருத்துவமனைகளின் நெரிசலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மக்களின் அறியாமையே முதற்காரணமாகச் சொல்லப்படுகிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மையுண்டு. காய்ச்சலுக்கு வருபவர் படுக்கையைப் பிடிப்பதில்லையெனினும் பணிமருத்துவரின் கவனத்தில் பங்கு கேட்கிறார். ஆயினும் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளர் சீட்டு பெரும்பாலும் காலையில்தான் கிடைக்கும். தினக்கூலி பெறுபவர் அந்த வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். மாலையில் வேலை முடிந்து வருபவருக்குக் கட்டணமின்றித் திறந்திருக்கும் அரசுக் கதவு ‘கேஷுவல்ட்டி’ ஒன்றே. இரண்டு கதவுகள் திறந்திருந்தால்தான் அதைத் தேர்வு என்று சொல்லமுடியும்.

இரண்டாவது கதவு இங்கு ஒருகாலத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் எல்.எம்.பி. என்றும் வங்கத்தில் எல்.எம்.எஃப். என்றும் அறியப்பட்ட மருத்துவர்கள், பட்டப்படிப்பைவிடக் குறுகிய படிப்பை மருத்துவப் பள்ளிகளில் முடித்து, சிற்றூர்களிலும் நகர்த் தெருக்களிலும் தொழில் நடத்தினர். 1940களில் இந்தியாவில் பதிவுபெற்றிருந்த மருத்துவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இவர்களே.

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கையளித்த போர் குழு, நாடு முழுவதற்கும் ஒரே தகுதியுடைய ‘அடிப்படை மருத்துவர்’ போதும் என்றும், இக்குறுகிய படிப்பு தொடர வேண்டியதில்லை என்றும் பரிந்துரைத்தது. ஏழைக்கு ஒரு தரம், வசதியுள்ளவருக்கு ஒரு தரம் என்ற பாகுபாடு கூடாது என்னும் சமத்துவ நோக்கை அதில் காணலாம். மருத்துவர் பற்றாக்குறை இவ்வளவு கடுமையாக இருக்கும்போது படிப்பை நிறுத்தலாகாது என உறுப்பினர்களில் சிலர் மாற்றுக்கருத்தும் பதிவுசெய்தனர். நடந்தது என்னவெனில், குறுகிய படிப்பு ஒழிந்தது. அதன் இடத்தை நிரப்ப வேண்டிய அடிப்படை மருத்துவரோ சிற்றூருக்கு வந்துசேரவில்லை. மருத்துவப் பள்ளிகள் கல்லூரிகளாயின. சென்னை இராயபுரத்துப் பள்ளி 1938இலேயே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாகியிருந்தது. கல்கத்தாவின் காம்பெல் மருத்துவப் பள்ளி 1948இல் கல்லூரியாகி, 1950இல் நீல்ரதன் சர்க்கார் பெயரைப் பெற்றது. மதுராபூர்த் தொழிலாளருக்குப் படுக்கை கிடைக்காத மருத்துவமனை அதுவே. ஊர்தோறும் மருத்துவரை அனுப்பிய நிறுவனம், ஊர்தோறுமிருந்து நோயாளிகள் வந்து குவியும் நிறுவனமாக மாறியிருந்தது.

குடும்ப மருத்துவரை அரசே அமர்த்தும் முறையும் இங்கு முயன்று பார்க்கப்பட்டது. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில், தொழிலாளர் தம் பகுதி மருத்துவர் ஒருவரிடம் பெயர் பதிவுசெய்துகொள்வார். தலைக்கு இவ்வளவு என அம்மருத்துவருக்கு ஊதியம் செல்லும். ‘பேனல் டாக்டர்’ என்ற வழக்கு அங்கிருந்து வந்தது. 1948இல் பிரிட்டன் இம்முறையைக் குடிமக்கள் அனைவருக்கும் விரித்தது. அதே 1948இல் இந்தியா தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றி, 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைப்படுத்தியது. மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களில் இ.எஸ்.ஐ. பேனல் மருத்துவர்கள் பணியாற்றினர். ஆனால் அது அமைப்புசார் தொழிலாளரின் எல்லையைத் தாண்டவில்லை. விவசாயக் கூலிக்கு அப்படியொரு மருத்துவர் வாய்க்கவே இல்லை.

கல்வியும் பணமும் பின்னர் எத்திசையில் சென்றன என்பது வெளிப்படை. மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு 2010களின் தொடக்கத்தில்தான் கோழிக்கோட்டில் தலைகாட்டியது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளர் செலவை ஏற்கிறது. வெறும் ஆலோசனைக்கு வருபவரின் செலவை ஏற்பதில்லை. அத்திட்டத்தின் மறுபாதியாக 1,50,000 நல்வாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டன. துணை மையங்களில் அமர்த்தப்படுபவர் மருத்துவர் அல்லர். பெரும்பாலும் குறுகிய கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர். 2019ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வரம்புக்குட்பட்ட உரிமத்துடன் ‘சமூக நலப் பணியாளர்’ மருத்துவம் செய்ய இடமளிக்கிறது. 1946இல் தரக்குறைவு என விலக்கப்பட்ட இடைநிலை, 73 ஆண்டுகளுக்குப் பின் வேறு பெயரில் சட்டத்தில் ஏறியிருக்கிறது. முந்தைய எல்.எம்.பி.க்குப் பல ஆண்டுப் படிப்பும் தெருவில் நிலைத்த பெயரும் இருந்தன என்பது கருதத்தக்கது.

ஆகவே குடும்ப மருத்துவர் காலப்போக்கில் தானே மறைந்தவர் அல்லர். அவரை உருவாக்கிய பள்ளிகள் உருமாற்றப்பட்டன. அவருக்குத் தலைக்கு ஊதியம் தரும் முறை ஒரு சிறு வட்டத்தோடு நின்றது. படுக்கைக்குக் கிடைத்த பணம் ஆலோசனைக்குக் கிடைக்கவில்லை. காய்ச்சலோடு இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருப்பவர் இம்முடிவுகளின் விளைவைச் சுமக்கிறாரேயன்றி, அவற்றின் காரணர் அல்லர். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இழப்பீட்டுக்கு அப்பாலும் ஆணைகள் உள்ளன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உடனடிச் சிகிச்சை தந்து நோயாளியின் நிலையைச் சீர்படுத்தும் வசதி வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவசர சிகிச்சை உரிமை பெருமருத்துவமனையின் வாயிலில் தொடங்குவதில்லை, மதுராபூரில் தொடங்குகிறது.