ஊழியரின் உள்நோக்கம்: ஸ்வார்ட்ஸ் ஐயரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. அளவுகோல்

ஊழியம் செய்கிறவரின் உள்நோக்கம் சரியானதா என்பதைத் தேவனே அறிவார் என்று சொல்லி நாம் ஒதுங்கிவிடுகிறோம். பவுல் அப்படி ஒதுங்கவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தான் முகஸ்துதி பேசியதுண்டா, பொருளாசையை மூடி மறைத்ததுண்டா, மனிதரிடம் புகழ் தேடியதுண்டா என்பதற்கு தேவனோடுகூட அந்தச் சபையாரையும் சாட்சிக்கு அழைக்கிறார். ஆகவே உள்நோக்கம் வெளியே தடயம் விடும். அதைத் தேடிப் பார்க்கலாம். பிரஷ்யாவில் பிறந்து 1750இல் கடலூரில் வந்திறங்கி, 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாத கிறிஸ்தியான் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸின் வாழ்வில் அந்தத் தடயங்களைத் தேடுவதே இக்கட்டுரை. ஊழியருக்கு எந்த லாபமும் வராத இடத்தில்தான் உள்நோக்கம் தெளிவாகத் தெரியும் என்பது என் துணிபு.

2. பணமும் நம்பிக்கையும்

1779இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. சமாதானத்துக்கு உதவும், வழியில் சுவிசேஷம் சொல்லலாம் என்பவை அவர் ஒப்புக்கொண்ட காரணங்களுள் அடங்கும். புறப்படும்போது ஹைதர் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஸ்வார்ட்ஸ் அதைச் சென்னைக் கவுன்சிலிடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்ததும், தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக வைக்க அனுமதி கேட்டார். தூது பலிக்கவில்லை. மறு ஆண்டே ஹைதரின் படை கர்நாடகத்துக்குள் புகுந்தது.

அந்தப் போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே ஊர்களில் தானியம் இருந்தது. ஏற்றி வர மாடுகள் வரவில்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்காததால், தஞ்சை ராஜாவின் பேச்சையும் நம்ப ஆளில்லை, கம்பெனியின் பேச்சையும் நம்ப ஆளில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஸ்வார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. மாடுகளை ஓட்டி வந்த குடியானவர்களில் பெரும்பாலோர் அவருடைய சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர் பிரசங்கத்தை ஏற்காதவர்கள் அவர் சொல்லை ஏற்றார்கள். இதைவிட வலுவான சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

3. மறுக்கப்பட்ட ஞானஸ்நானம்

மிஷனெரிக்கு ஆத்தும எண்ணிக்கையே லாபமாகிவிடுவதுண்டு; பணத்தாசையைவிட இது நுட்பமான சோதனை. கிளாரிந்தா மராட்டியப் பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தார். ஞானஸ்நானம் கேட்டு அவர் வந்தபோது, திருமணமில்லாத அந்த உறவு தொடரும்வரை தர முடியாது என்று ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். உயர்குலப் பெண் ஒருவரைச் சபைக்குக் கொண்டுவந்த பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் அவசரப்படவில்லை. அதிகாரி இறந்த பின், 1778இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தாவும் மனம் கசந்து விலகிப்போகவில்லை. 1780இல் எழுதப்பட்ட அந்த ஊர்ச் சபைப் பதிவேட்டின் நாற்பது பெயர்களில் முதற்பெயர் அவருடையது. 1785இல் அங்கே ஆலயம் எழுந்ததும் அவருடைய முயற்சியால்தான். நிலைத்திருத்தல் என்பது மிஷனெரியின் தனிச்சொத்து அல்ல என்பதற்காகவே இதை விரித்துச் சொல்கிறேன்.

4. சரபோஜி

தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் 1787இல் இறக்குமுன் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை ஸ்வார்ட்ஸின் பொறுப்பில் விட்டார். துளஜாவுக்குப் பின் அரியணை ஏறிய அமர்சிங்கின் ஆட்சியில் சிறுவன் அடைபட்டுக் கிடந்தபோது, விடாமல் எழுதி, வாதாடி, 1793இல் அவனைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் படிக்க வைத்தார். இத்தனைக்கும் சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. அதற்காக ஸ்வார்ட்ஸ் அவரைக் கைவிடவுமில்லை. தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் ஆங்கிலச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம் இன்றும் இருக்கிறது: படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை, தலைப்பாகை அணிந்த இளவரசர் பற்றி நிற்கிறார். அதைச் செய்யச் சொன்னவர், பின்னர் மன்னரான அந்த இந்து இளவரசர் சரபோஜியே.

5. குறையும் கணக்கில் வரவேண்டும்

சபைக்குள் சாதிப் பிரிவினையை ஸ்வார்ட்ஸ் உடைக்கவில்லை. ஆலயத்தில் தனித்தனியாக உட்காருவதைப் பொறுத்துக்கொண்டார். மெல்ல மாறும் என்று நம்பினார். மாறவில்லை. அவரிடம் வளர்ந்த கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரே பின்னாளில் சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதினார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதிக்கு இடமில்லை என்று உத்தரவிட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள். இதில் சுயலாபம் தேடியதாக ஸ்வார்ட்ஸ்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனாலும், அவருடைய பொறுமையின் விலையைக் கொடுத்தவர்கள் ஆலயத்தில் தள்ளி உட்கார வைக்கப்பட்டவர்கள். நல்ல நோக்கம் அவருக்கு இருந்தது என்பது அவர்களுக்குப் பதிலாகாது.