ஸ்கிரம்

ரக்பி யூனியன் ஆட்டத்தில் அணிக்கு 8 பேர் தோளோடு தோள் பூட்டி, குனிந்து முட்டித் தள்ளுவதே ஸ்கிரம். சிறு மோதலைக் குறிக்கும் ‘ஸ்கர்மிஷ்’ திரிந்து ‘ஸ்கிரம்மேஜ்’ ஆகி, பின்பு குறுகியது. 1986-இல் டகேயூச்சி, நொனாகா என்ற ஜப்பானிய அறிஞர்கள் ஹோண்டா, கேனன் போன்ற நிறுவனங்களில் புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்களை ரக்பியோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 1990-களில் சதர்லாந்து, ஷ்வாபர் என்ற மென்பொருள் வல்லுநர்கள் அந்தக் கருத்தை மென்பொருள் உருவாக்கும் முறையாக்கி, ஸ்கிரம் என்றே அழைத்தார்கள்.

இன்று டெண்டர் தயாரிப்பவர்களிடமும் இந்தச் சொல் புழங்குகிறது. விலை போடுபவர், தொழில்நுட்பப் பகுதி எழுதுபவர், சான்றிதழ் திரட்டுபவர் எல்லோரும் தினமும் 15 நிமிடம் கூடி, எது முடிந்தது, எது இடிக்கிறது என்று பேசுகிறார்கள். முந்தின நாள் வந்த திருத்த அறிவிப்பு விலைப்பட்டியலைப் புரட்டிப் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் ஒட்டாது: மென்பொருளில் மிச்ச வேலையை அடுத்த சுற்றுக்குத் தள்ளலாம், டெண்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.