கையேட்டில் இல்லாத பத்துக் கட்டளைகள்

இறுப்பிட்டியில் நான் நடந்து வளர்ந்த ஒழுங்கைகள் பலவற்றின் பெயர்கள் ஊரவர் வாயில் மட்டுமே வாழ்ந்தன. 1991இல் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அப்பெயர்களும் சிதறின. எழுதப்படாதது எத்தனை எளிதில் இல்லாததாகிவிடுகிறது என்பதற்குக் கணினி வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு.

இன்டெல் நிறுவனம் 1976இல் வெளியிட்ட 8085 நுண்செயலியை இந்தியப் பொறியியல் மாணவர்கள் பல தலைமுறைகளாகப் பாடமாகக் கற்றுள்ளனர். ஒரு பைட்டினால் 256 கட்டளைகளைக் குறிக்கலாம். கையேடு சொன்னதோ 246 மட்டுமே. எஞ்சிய பத்து இடங்களும் வெற்றிடங்கள் அல்ல என்பதை டென்ஹார்ட், சோரன்சன் என்னும் இருவர் 1979 ஜனவரியில் 'எலெக்ட்ரானிக்ஸ்' இதழில் வெளிப்படுத்தினர். சில்லுக்குள் அந்தப் பத்தும் ஒழுங்காகவே இயங்கின.

பிறகு ஏன் மறைத்தார்கள்? அடுத்து வரவிருந்த 8086 செயலி அவற்றையும் சுமக்க நேரிடும் என்பதே காரணம். இன்டெல் பொறியாளர்களே 1980இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் இதைக் குறிப்பிட்டுள்ளனர்.

மனிதர் எழுதும் கட்டளைச் சொற்களைச் செயலிக்குரிய எண்களாக மாற்றும் நிரலே அசெம்பிளர். அதன் அட்டவணையில் பெயரில்லாத கட்டளையை நிரலர் அழைக்க இயலாது. 'டிசப்' என்னும் கட்டளையைப் பாருங்கள். ஒரு 16 பிட் எண்ணிலிருந்து இன்னொன்றை அது ஒரே பைட்டில் கழிக்கும். கையேட்டை மட்டும் நம்பியவர் அதே வேலைக்கு ஆறு கட்டளைகள் எழுதினார். விடயம் அறிந்தவர் 08 என்ற எண்ணை நிரலுக்குள் நேரடியாக இட்டார். அல்லது அதற்கொரு மேக்ரோ எழுதிக்கொண்டார். நிலையான தீர்வு அசெம்பிளரையே விரிப்பதுதான். டிசப் போன்றவற்றுக்கு அட்டவணையில் ஒரு வரி போதும். 'எல்டிஎச்ஐ' போன்றவை கூடவே ஓர் எண்ணையும் கேட்பவை; அந்த எண்ணை எப்படி வாசிப்பது என்பதையும் அசெம்பிளருக்குச் சொல்லித்தர வேண்டும்.

பெயரில் உரிமைச் சிக்கலும் இருந்தது. 1976இல் வந்த சைலாக் இசட்80, இன்டெல் 8080இன் கட்டளை எண்களை அப்படியே ஏற்றது. ஆனால் பெயர்களை மாற்றிக்கொண்டது. இன்டெல்லின் 'மூவ்' அங்கே 'எல்டி' ஆயிற்று. பழகிய பெயர்களை விட மனமில்லாதவர்கள், அதே பாணியில் புதிய கட்டளைகளுக்கும் பெயர் சூட்டித் தம் அசெம்பிளர்களை விரித்தனர்.

டுண்ட்ரா நிறுவனம் பின்னாளில் தயாரித்த 8085 வகைச் சில்லின் கையேட்டில் அந்தப் பத்துக் கட்டளைகளும் முறையாக இடம்பெற்றன. தயாரித்தவர் மறைத்ததை, பயன்படுத்தியவர் தேடி எழுதிவைத்ததால் அவை பிழைத்தன. எங்கள் ஒழுங்கைகளின் பெயர்களை நினைவில் வைத்திருப்போர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவற்றை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்தான்.