சிம்பாங் பூலாய் வட்டார வரலாறு: அருங்காட்சியகங்கள், பழைய வீடுகள், பருவ மரபுகள்

சிம்பாங் பூலாய், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கிந்தா மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். ஈப்போ நகருக்குத் தெற்கே, கோப்பெங்கை நோக்கிப் போகும் பழைய சாலையிலிருந்து கேமரன் மலைக்கான சாலை கிழக்கே பிரியும் இடத்தில் இருக்கிறது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழியும் இங்கே உண்டு. மலைக்குப் போகிறவர்கள் வண்டிக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டு, சாலையோரக் கடையில் பம்பளிமாஸ் வாங்கிக்கொண்டு கடந்துபோகும் ஊர் என்பதே இதற்குப் பலரிடம் உள்ள அடையாளம்.

இந்தச் சாலைச் சந்திப்பைச் சுற்றி அதிகத் தொலைவில்லாத ஊர்களில் மலாயாவின் ஈய வரலாறும் ரப்பர் வரலாறும் கட்டடங்களாக நிற்கின்றன. கிழக்கே செமாய் பழங்குடியினர் வாழும் மலைத்தொடர், மேற்கே பத்து காஜாவும் பாப்பானும், தெற்கே கோப்பெங், கம்பார், வடக்கே ஈப்போ. முதலாளிகளின் கதையைச் சொல்லும் வீடுகளும் கருவிகளும் இங்கே நிறையவே காக்கப்பட்டுள்ளன. பால்மரம் வெட்டிய தமிழர்களின் லயன் வீடுகளோ பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன. அவர்களின் வரலாற்றைத் தேடுபவர் கட்டடங்களோடு திருவிழா நாட்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிலமும் தொழிலும்

கிந்தாப் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகள் சிம்பாங் பூலாய்க்கு முதல் அடையாளம். அவற்றின் குகைகள் கோயில்களாயின. குனோங் ராப்பாட் பக்கத்தில் சாம் போ தோங், கெக் லொக் தோங் ஆகிய சீனக் குகைக் கோயில்கள் உள்ளன. கோப்பெங் அருகே நீண்ட தெம்பூரோங் குகை இருக்கிறது. தம்பூனில் குன்றுச் சுவரில் தீட்டப்பட்ட பழங்கால ஓவியங்களை 1959ஆம் ஆண்டு கூர்க்கா படைவீரர்கள் கண்டறிந்தார்கள்.

குன்றுகளின் அடிவாரத்து வண்டல் மண்ணில் ஈயம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிக வளமான ஈய வயல்களுள் ஒன்றாகக் கிந்தா பெயர் பெற்றது. சுரங்க வேலைக்குச் சீனர்கள் வந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து அனுப்பினார்கள். 1907இல் தொடங்கிய இந்தியக் குடியேற்ற நிதி, தொழிலாளரின் கப்பல் செலவை ஏற்றது. 1910க்குப் பின் ஒப்பந்தக் கூலி முறை கைவிடப்பட்டு, கங்காணி முறையே முதன்மை வழியாயிற்று. 1938இல் இந்திய அரசு அதையும் நிறுத்தியது. ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் கிராணி வேலைக்கு யாழ்ப்பாணத் தமிழர் வந்தார்கள். வட்டித் தொழிலுக்கு வந்த நகரத்தார், ஈப்போவின் லகாட் சாலையில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினார்கள்.

அருங்காட்சியகங்கள்

பேராக்கின் ரப்பருக்கும் அருங்காட்சியகத்துக்கும் தொடக்கம் ஒரே மனிதர். 1877 முதல் 1889 வரை பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் தன் வளாகத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். அந்த முதல் நடவில் எஞ்சிய மரம் ஒன்று அந்நகரில் இன்னும் பாதுகாக்கப்படுகிறது. அவர் காலத்திலேயே, 1883இல், தைப்பிங்கில் பேராக் அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. மலேசியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம் இதுதான். முதல் காப்பாளர் லியோனார்ட் ரே. பழங்குடியினரின் கருவிகள், ஆயுதங்கள், பாடம் செய்த விலங்குகள் எனக் குடியேற்ற அரசு தான் ஆண்ட நிலத்தை எப்படி வகைப்படுத்திப் பார்த்தது என்பதை அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் காட்டுகின்றன.

ஈப்போவிலும் சுற்றிலும் உள்ள காட்சியகங்களில் ஈயத்துக்கே முதலிடம். ஈப்போ பழைய நகரிலுள்ள ஹான் சின் பெட் சூ, ஹக்கா சீனச் சுரங்க முதலாளிகளின் மன்றமாக 1893இல் லியோங் ஃபீ என்பவரால் தொடங்கப்பட்டது. 1929இல் திருத்திக் கட்டப்பட்ட அக்கட்டடம் 2015 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. முதலாளிகளின் சூதாட்ட மேசை, அபின் படுக்கை ஆகியவற்றை ஒளிக்காமல் வைத்திருப்பது அதன் தனித்தன்மை. நகரின் புவியியல் அருங்காட்சியகத்தில் கனிமங்களும் பாறைகளும் உள்ளன. கம்பாரின் கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகம் 2012இல் திறக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்களின் ஆளுயர உருவங்களை வைத்து, மண்ணை நீரால் கரைத்து ஈயம் பிரிக்கும் முறையை அது விளக்குகிறது. ஆற்றில் இறங்கித் தூலாங் தட்டில் மணல் அரித்து ஈயம் எடுத்த பெண்களுக்கும் அந்தத் தொழில் வரலாற்றில் பங்கு உண்டு.

பத்து காஜாவைத் தாண்டித் தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் ஈயக் கப்பல், கட்டடமாகவும் கருவியாகவும் தோன்றும் ஒரு விந்தை. 1938இல் கட்டப்பட்ட, ஏறத்தாழ 4,500 டன் எடையுள்ள இந்த மிதவை, தானே வெட்டிய குளத்தில் மிதந்தபடி வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி, உள்ளேயே ஈயத்தைப் பிரித்தெடுத்தது. 1982இல் வேலையை நிறுத்தியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1985 அக்டோபரில், உலக ஈயச் சந்தையே சரிந்தது. கைவிடப்பட்ட சுரங்கங்கள் இன்று கிந்தா முழுவதும் குளங்களாகக் கிடக்கின்றன.

சிம்பாங் பூலாய்க்குத் தெற்கே உள்ள கோப்பெங் ஒரு காலத்தில் ஈப்போவுக்கு நிகரான சுரங்க ஊர். யூ யான் சாங் என்ற சீன மருந்து நிறுவனம் 1879இல் பிறந்தது இங்கேதான். ஊரின் வாழ்க்கையைக் காட்டும் சிறிய அருங்காட்சியகம் ஒன்று 2009 முதல் பழைய கடைவீட்டில் இயங்கிவருகிறது.

வரலாற்று வீடுகள்

இந்த வட்டாரத்தின் பெயர்பெற்ற வீடு, யாரும் முழுமையாகக் குடியிருந்திராத வீடு. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ராயா ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் கெல்லி மாளிகைதான் அது. ஸ்காட்லாந்தின் கெல்லாஸ் என்னும் ஊரில் 1870இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித் இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். அரசு ஒப்பந்தங்களில் பணம் சேர்த்து, காட்டை வாங்கி ரப்பர் போட்டு, தன் சொந்த ஊரின் பெயரால் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தை உருவாக்கினார். முதலில் ஒரு வீடு கட்டினார். 1915 வாக்கில் அதை ஒட்டிப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். செங்கலும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மின்தூக்கிக்கென ஒரு கோபுரமும் திட்டத்தில் இருந்தது.

முதல் உலகப்போரின் முடிவில் பரவிய ஸ்பானியக் காய்ச்சல் அந்த வேலையாட்களையும் விடவில்லை. பலர் இறந்தார்கள். எஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்க, கெல்லி ஸ்மித் மாளிகைக்கு அருகிலேயே கட்டிக்கொடுத்தார். அதற்கு நன்றியாக, கோயிலின் மேற்கூரையில் சாமி சிலைகளோடு வெள்ளை உடுப்பும் தொப்பியும் அணிந்த ஒரு துரையின் சிலையையும் வைத்தார்கள்.

1926இல் லிஸ்பனில் நிமோனியாவால் கெல்லி ஸ்மித் இறந்தார். மனைவி ஆக்னஸ் மலாயாவுக்குத் திரும்பவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்ட் கம்பெனியிடம் போயிற்று. பாதியில் நின்ற மாளிகை இன்று கட்டணம் கொடுத்துப் பார்க்கும் சுற்றுலா இடம். 1999இல் வெளிவந்த ‘அன்னா அண்டு த கிங்’ ஆங்கிலப் படத்தின் காட்சிகள் சில இங்கே எடுக்கப்பட்டன. மாளிகையில் விளக்கேற்றிக் குடியிருந்தவர்கள் இல்லை. கோயிலிலோ பூசை தொடர்ந்தது. கிந்தா கெல்லாஸ் என்ற பெயர் தோட்டத் தமிழ்ப் பள்ளியின் பெயரிலும் நிலைத்திருக்கிறது.

இதற்கு நேர்மாறான வீடு பாப்பானில் இருக்கிறது. முதன்மைத் தெருவில் 74ஆம் எண்ணுள்ள சாதாரணக் கடைவீடு அது. தமிழரான மருத்துவர் ஏ. சி. காத்திகேசுவும், தாதியும் மருத்துவச்சியுமான அவர் மனைவி சிபில் காத்திகேசுவும் ஈப்போவின் புரூஸ்டர் சாலையில் 1926 முதல் மருந்தகம் நடத்திவந்தவர்கள். யுரேசியக் குடும்பத்தில் 1899இல் மேடானில் பிறந்த சிபில், கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். ஜப்பானியர் ஈப்போவை நெருங்கியபோது குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது. ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டு, காட்டிலிருந்து காயத்தோடு வந்த கெரில்லாக்களுக்கு இந்த வீட்டின் பின்வாசல் வழியாகச் சிகிச்சை நடந்தது. ஒளித்துவைத்த வானொலியில் பிபிசி செய்தியும் கேட்டார்கள். 1943இல் கணவனும் மனைவியும் கைதானார்கள். கடுஞ்சித்திரவதைக்குப் பிறகும் சிபில் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போருக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. உடலில் தங்கிவிட்ட காயங்களின் விளைவாக 1948 ஜூனில் பிரிட்டனில் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவுக்குறிப்பு ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற பெயரில் 1954இல் வெளியானது.

அதே பாப்பானில், சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்களின் தலைவர் ராஜா பிலா 1896இல் கட்டிய பெரிய வீடும் இருக்கிறது. ஈப்போவிலோ பொதுக்கட்டடங்கள்தான் முன்னிற்கின்றன. கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்த ரயில் நிலையமும் அதற்கு எதிரே உள்ள நகர மண்டபமும் 1910களில் எழுந்தவை. அவற்றுக்கு அருகே 1909இல் நிறுவிய பர்ச் நினைவு மணிக்கூண்டு நிற்கிறது.

லயன்கள் எங்கே?

தோட்டத் தொழிலாளர் வீடு என்றால் லயன். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நிரை பிடித்துப் பால் வெட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போவது அன்றாடம். அந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1942–43இல் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் சேமித்த பணத்தில் தோட்டங்களை அவர்களுக்காகவே வாங்குவது அதன் நோக்கம். ஆனாலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயன்கள் காக்க வேண்டிய கட்டடங்களாகக் கருதப்படவில்லை. இலங்கையில் கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் மாற்றியது இதற்கு மாற்று வழி ஒன்றைக் காட்டுகிறது.

பருவ மரபுகள்

தோட்டத்து ஆண்டு இரண்டு கணக்குகளில் ஓடியது. ஒன்று மரத்தின் கணக்கு. ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். பால் குறையும், கூலியும் குறையும். ஆண்டின் கடைசி மாதங்களில் மழை கொட்டும். பட்டை நனைந்தால் அன்று வெட்டு இல்லை. தீபாவளி பெரும்பாலும் அந்த ஈர நாட்களில்தான் வரும்.

மற்றது சாமியின் கணக்கு. தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் கோயில், எல்லையில் முனியாண்டி அல்லது முனீஸ்வரர், ஆண்டுக்கொரு திருவிழா. கரகம், கூழ், தீமிதி, உறுமி மேளம். திருவிழாச் செலவுக்குத் தொழிலாளர் சம்பளத்திலிருந்தே சந்தா பிடிப்பது பல தோட்டங்களில் வழக்கம். தோட்டம் கலைந்த பிறகும் கோயில் எஞ்சிய இடங்களில், நகரங்களுக்குப் போனவர்கள் திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். யார் எந்த லயனில் இருந்தார், எந்தக் கங்காணியின் ஆளாக யார் வந்தார் என்ற செய்திகள் அந்த நாளில்தான் அடுத்த தலைமுறையின் காதில் விழுகின்றன.

வட்டாரத்தின் பெரிய நிகழ்வு தைப்பூசம். பேராக்கில் அது பொது விடுமுறை நாள். ஈப்போவில் புந்தோங் சுங்கை பாரி மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பால்குடமும் காவடியும் புறப்பட்டு, குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலுக்குப் போகின்றன. புந்தோங்கின் இன்னொரு முகம் கச்சாங் பூத்தே. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் கடலை, முறுக்கு வகைகளை வீட்டுத் தொழிலாக வறுத்தும் பொரித்தும் விற்றதில் அப்பகுதிக்கே கச்சாங் பூத்தே கம்பம் என்று பெயர் வந்தது.

பிற சமூகங்களின் பருவங்களும் இதே சாலையில் தெரியும். சீனப் புத்தாண்டுக்கும் நிலவுப்பண்ட விழாவுக்கும் பம்பளிமாஸ் கடைகளில் கூட்டம் சேரும். டுரியான் காலத்தில் மலையடிவாரத்துப் பழங்கள் சாலையோரத்துக்கு வரும். பழங்குடியினர் கொண்டுவரும் பெத்தாய்க் கொத்துகளும் தொங்கும்.

இன்றைய நிலை

சுண்ணாம்புக்கல் குன்றுகளே இப்போது இங்குப் பெரிய தொழில். சலவைக்கல்லுக்கும் சுண்ணாம்புத் தூளுக்கும் சிம்பாங் பூலாயைச் சுற்றிப் பல கல்லுடைப்பு ஆலைகள் இயங்குகின்றன. கிந்தா, கம்பார் மாவட்டங்களை உள்ளடக்கிய கிந்தாப் பள்ளத்தாக்கு, 2018இல் தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குன்றுகளைக் காப்பதும் குடைவதும் ஒரே வட்டாரத்தில் நடக்கின்றன.

சிம்பாங் பூலாயிலிருந்து புறப்படுகிறவர் கோப்பெங், கெல்லி மாளிகை, அதன் மாரியம்மன் கோயில், பத்து காஜா, ஈயக் கப்பல், பாப்பான் என மேற்கே ஒரு சுற்றாக ஒரே நாளில் பார்க்கலாம். ஹான் சின் பெட் சூவுக்கு வழிகாட்டியோடு செல்லும் சுற்றுக்கு முன்பதிவு செய்வது நல்லது. கல்லுமலைக்குத் தைப்பூசத்தன்று போகிறவர்கள், புந்தோங் தெருக்களில் வண்டி போகாது என்பதால், விடியற்காலையிலேயே நடந்துபோகிறார்கள்.