ஈரப் புல், சுரண்டி, மெஷின்

ஈரப் புல்லை வெட்டாதே என்பது மெஷின் வந்த பிறகு வந்த சட்டம். அதுக்கு முன்னாடி நிலைமை தலைகீழ். ஐரோப்பாவில் நீண்ட பிடி வைத்த அரிவாளால் புல் வெட்டியவர்கள் விடியும்போதே இறங்கிவிடுவார்கள். பனி பிடித்த புல் வெட்டுப்படும்; காய்ந்த புல் வளைந்து நழுவும். நம்ம பக்கம் மாட்டுக்குப் புல்லறுக்கிறவங்களும் வெயில் ஏறுவதற்குள் கட்டைத் தலையில் ஏற்றிவிடுவார்கள்.

1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல்மயிரைக் கத்தரிக்கிற ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதாவது விரித்த துணி மாதிரித் தட்டையான, காய்ந்த தரைக்குப் பிறந்த சாமான் அது. பேராதனைப் பூங்காவின் புல்வெளிக்குச் சரி. அலவத்துகொடையில் அப்படி ஒரு தரையைக் காட்டுங்கள் பார்ப்போம்! அக்குறணை தாண்டி மாத்தளை றோட்டில் வருகிறவர்களுக்குத் தெரியும், இங்கே வீட்டு முற்றமே சரிவுதான்.

சரிவில் ஈரத்தோடு மல்லுக்கட்டின பழைய கதை தோட்டங்களில் இருக்கிறது. கோப்பிக் காலத்துத் துரைமாருக்கு ஒரு புல்கூடத் தெரியக்கூடாது. ஏக்கர் கணக்கில் கொந்தரப்பு கொடுத்து, சுரண்டியால் தரையை வழித்தெடுக்க வைத்தார்கள். தேயிலை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. புல் போனது, அதோடு மண்ணைப் பிடித்திருந்த வேரும் போனது. அடுத்த மழைக்கு மேல்மண் ஓடையில். 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குள் மலை எவ்வளவோ இழந்துவிட்டது. சுரண்டினவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வாங்கிய கூலி 'சுத்தமான' தரைக்கு.

பிறகு களைக்கொல்லி வந்தது. 2015இல் அரசு கிளைபொசேட்டைத் தடைசெய்தபோது தோட்டங்கள் மறுபடி கையையும் மெஷினையும் தேட வேண்டியதாயிற்று. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. ஆனால் தோளில் மாட்டுகிற மெஷின் இப்போது ஊருக்குள்ளும் சாதாரணம். அதோடு கூலிக்கு வெட்டப்போகிற பொடியன்களும். அநேகமாக பாட்டா செருப்போடு.

மார்ச், ஏப்ரலில் இங்கே பின்னேரம் இடிமழை பிடிக்கும். காலையில் பனி. நடுவே காய்கிற நேரம் பத்து மணியிலிருந்து ஒன்று, ஒன்றரை வரைக்கும்தான். வெட்டு வேலையை அதற்குள் வைத்துக்கொள்ளணும். ஈரப் புல் கட்டிகட்டியாய்ச் சுற்றி மெஷினை அடைக்கும். எடுக்கணும்னா எஞ்சினை நிறுத்தி, பிளக் மூடியையும் கழற்றிய பிறகுதான் கை வைக்கணும். சரிவில் குறுக்காக நடக்கணும், வழுக்காத சப்பாத்து வேணும், கல் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி வேணும். மற்றவர்கள் 15 மீற்றராவது தள்ளி நிற்கணும். கரண்டில் ஓடுகிற மெஷினை ஈரத்தில் எடுக்கவே வேண்டாம்.

தெரியாத ஆபத்தும் உண்டு. 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு எலிக்காய்ச்சல் சந்தேகிக்கப்பட்டது. பக்கத்து மாத்தளை மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. வயலில்தான் வரும் என்று நினைக்கிறோம். காலில் கீறலோடு ஈரக் கானுக்குள் இறங்கி வெட்டுகிறவருக்கும் அதே கிருமிதான். வெட்டப் போன சில நாளில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் பனடோலோடு படுக்காமல், என்ன வேலை செய்தோம் என்பதை டொக்டரிடம் சொல்லணும்.

இதெல்லாம் வெட்டுகிறவருக்குத் தெரியாததல்ல. மழை வந்தால் பாதியில் நிறுத்தலாம்தான். நிறுத்தினால் அன்றைய சம்பளம்? கொந்தரப்புக் காலத்திலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை, ஈரத்தின் நட்டம் வெட்டுகிறவருக்கே. வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: மழை பிடித்தால் அரைநாள் காசைக் கொடுத்து அனுப்புங்கள், மிச்சத்தை மறுநாள் பத்து மணிக்கு வெட்டட்டும்.