மூன்று பிடி, இருபது லிட்டர்

1941-இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் பிரிட்டிஷ் படை ஏற்றி அனுப்பிய பெட்ரோலில் கணிசமான பங்கு எந்த வண்டிக்கும் போய்ச் சேரவில்லை. கிடங்குக்கும் போர்முனைக்கும் நடுவே மணல் அதைக் குடித்துவிட்டது. படைத்தலைவர் ஆகின்லெக் இந்த இழப்பை நூற்றுக்கு முப்பது என்று கணக்கிட்டார். எதிரியின் குண்டுக்கு அதில் பங்கில்லை. டின்கள் ஒழுகின, அவ்வளவுதான்.

அந்த டின்னில் நான்கு காலன், அதாவது சுமார் 18 லிட்டர் பிடிக்கும். மெல்லிய தகரத்தை மடித்துப் பற்றவைத்த சதுர டின் அது. தமிழ்நாட்டு வீடுகளில் மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகும் தண்ணீர் சுமக்கவும் தானியம் கொட்டி வைக்கவும் பல காலம் உழைத்த சதுர டின்னுக்கு நெருங்கிய உறவு. வீட்டு மூலையில் அசையாமல் இருக்கும்வரை அதற்குக் குறையில்லை. லாரியில் ஏற்றிப் பாதையில்லாத மணலில் நூறு மைல் குலுக்கினால் மூலைகள் விட்டுவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கீழே இருப்பவை நசுங்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியத்தான் அதைச் செய்தார்கள். மலிவாகச் செய்வதுதான் சிக்கனம் என்று நம்பினார்கள். உள்ளே போகும் பெட்ரோலின் விலையையும், அதைக் கடல் கடந்து கொண்டுவரும் கப்பல்களின் ஆபத்தையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை. வீரர்கள் காலி டின்னை வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தித் தேநீர் கொதிக்க வைத்தார்கள். அந்த டின் பழுதில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான்.

எதிர்ப்பக்கம் ஜெர்மானியர்களிடம் வேறொரு கேன் இருந்தது. 1937-இல் ஷ்வெல்ம் நகரத்து முல்லர் நிறுவனத்தில், பொறியாளர் வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் தலைமையில் உருவான 20 லிட்டர் கேன். அதன் ஒவ்வொரு பாகத்தையும் நிதானித்துப் பார்க்க வேண்டும். அச்சில் அழுத்திச் செய்த இரண்டு இரும்புத் தகட்டுப் பாதிகளைச் சேர்த்து வெல்டிங் செய்திருந்தார்கள். அந்த இணைப்பு மேற்பரப்பைவிடச் சற்று உள்ளே பதிந்திருக்கும். கேன் உருண்டாலும் மோதினாலும் அடி இணைப்பில் விழாது. பக்கங்களில் குறுக்கே அமுக்கிய பள்ளங்கள் தகட்டுக்கு உறுதி தந்தன, வெயிலில் பெட்ரோல் விரியும்போது உப்பவும் இடம் கொடுத்தன. துருப்பிடிக்காதிருக்க உட்புறம் முழுக்கப் பூச்சு. திருகு மூடிக்குப் பதிலாக, கையால் நெம்பினால் திறந்து அழுத்தினால் இறுக்கிப் பூட்டிக்கொள்ளும் மூடி. ஊற்றும்போது பெட்ரோல் விக்கி விக்கிச் சிந்தாமல் இருக்க, வாயிலிருந்து மேற்புறக் காற்றறைக்கு ஒரு சிறு குழாய். அந்தக் காற்றறை இருந்ததால் நிரம்பிய கேனும் தண்ணீரில் மிதந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே மூன்று பிடிகள். நிரம்பிய கேனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம். இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பிடிக்கலாம். காலி கேன்களை அருகருகே வைத்தால் இரண்டின் ஓரப்பிடிகளும் ஒரே கைக்குள் அடங்கும். ஒரே ஆள் நான்கைத் தூக்கிப் போகலாம். சுமப்பவனின் கையை நினைத்து வரைந்த கருவி இது.

இந்தக் கேனின் ரகசியம் வெளியே கசிந்த வழியில் இந்தியாவும் இருக்கிறது. 1939-இல் பெர்லினில் இருந்த அமெரிக்கப் பொறியாளர் பால் ப்ளைஸ், ஒரு ஜெர்மன் நண்பருடன் சாலை வழியாக இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவசரத் தண்ணீருக்குப் பாத்திரம் இல்லை என்பது கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் இருந்த கேன்களில் மூன்றை நண்பர் எடுத்து வந்தார். பாதி வழியில் நண்பரை ஜெர்மனி திரும்ப அழைத்துக்கொண்டது. போகுமுன் கேனைச் செய்யும் முறையை முழுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ப்ளைஸ் தனியாகக் கல்கத்தா வந்து, காரை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பிற்பாடு கார் அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் ஒரு கேனை வாஷிங்டனுக்கு அனுப்பினார். முதல் உலகப்போர்க் காலத்துக் கேனே போதும் என்று அதிகாரிகள் ஒதுக்கிவிட்டார்கள்.

பிறகு மேரிலாந்தின் ஹோலபேர்ட் முகாமில் ஒருவழியாக அதை நகலெடுத்தபோதும் வடிவத்தையும் பிடிகளையும் மட்டுமே வைத்துக்கொண்டார்கள். வெல்டிங்குக்குப் பதில் சுருட்டி மடித்த இணைப்பு, நெம்பு மூடிக்குப் பதில் திருகு மூடி. திறக்க ஸ்பேனரும் ஊற்றப் புனலும் தேவைப்பட்டன. கேனின் உயிரான பாகங்களைக் கழித்துவிட்டுத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்ட நகல் அது. பிரிட்டிஷார் இன்னும் தெளிவாக இருந்தார்கள். பாலைவனத்தில் கைப்பற்றிய ஜெர்மன் கேன்களைப் பொக்கிஷமாகக் காத்தவர்கள் என்பதால், அதை அப்படியே அச்சாகச் செய்யத் தொடங்கினார்கள். ஜெர்மானியரைக் குறிக்கும் தங்கள் கொச்சைப் பெயரைச் சேர்த்து 'ஜெர்ரி கேன்' என்றும் அழைத்தார்கள். 1944-இல் நேசப்படைகள் பிரான்ஸைக் கடந்த வேகத்துக்கு இந்தக் கேன்களும் ஒரு காரணம் என்று அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட்டே சொன்னார். போர் முடியும்போது ஐரோப்பாவில் இத்தகைய கேன்கள் சுமார் 2 கோடி இருந்தன.

இது பழைய போர்க்கதையோடு நின்றுவிடவில்லை. 2022-இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது மக்கள் கையில் கிடைத்த கேனோடெல்லாம் வரிசையில் நின்றார்கள். கேன்களில் பெட்ரோல் கொடுப்பதையே அரசு தடைசெய்ய வேண்டி வந்தது. ஜெனரேட்டருக்கோ பம்புசெட்டுக்கோ பெட்ரோல் வாங்கி வைப்பவர் இன்றும் பார்க்க வேண்டியவை க்ரூன்ஃபோகல் பார்த்தவைதான்: இணைப்பு, மூடியின் வாஷர், உட்பூச்சு, மேலே விடும் காலியிடம். நிரப்பும்போது கேனை வண்டியில் வைத்தபடி நிரப்பாமல் தரையில் இறக்கி வைக்க வேண்டும். நிலைமின்சாரப் பொறி ஒன்றே தீப்பிடிக்கப் போதும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், நல்ல கேனில் இருந்தாலும் மாதக்கணக்கில் தேக்காமல் பயன்படுத்திவிட்டுப் புதிதாக நிரப்புவதே சரி.

இந்தியாவின் 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் வேண்டாம். ஆனால் அது இறுக மூடிய பாத்திரத்தில் இருக்க வேண்டும்: கண்ணாடி என்றாலும் பீங்கான் என்றாலும் 1 லிட்டருக்குள், உலோகம் என்றால் 25 லிட்டருக்குள். அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை. வீட்டில் அப்படி ஒரு பாட்டிலில் பெட்ரோல் இருந்தால், தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள்.