காதுகளின் ஊரும் சேரியும்: இசை ரசனை உருவாகும் வரலாறு



மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் ஆண்டுதோறும் இப்படிக் கூடுவதில்லை. அவர்கள் முடிக்காமல் விட்டுப்போன விவாதங்களைத் தொடரவே கூடுகிறோம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி பார்வைக்கு எளிமையானது. ஒருவருக்கு ஓர் இசை பிடிக்கிறது, இன்னோர் இசை பிடிக்கவில்லை. இது எப்படி நேர்கிறது? பழக்கமில்லாத இசையைக் கேட்கப் பழகுவதால் சமூகத்தில் ஏதேனும் மாறுமா?

'என் ரசனை என் சொந்த விருப்பம், அதில் அரசியல் எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பாட்டைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். மாட்டுக்கறி வாடை குமட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், அந்த மூக்கு எந்தத் தெருவில் வளர்ந்தது என்று திருப்பிக் கேட்க நாம் கற்றுக்கொண்டுவிட்டோம். பறையொலி இரைச்சலாக இருக்கிறது என்பவரிடம், அந்தக் காது எங்கே வளர்ந்தது என்று கேட்க இன்னும் போதுமான அளவு கற்கவில்லை.

காது பழகும் விதம்

முதலில் அறிவியல் சொல்வதைப் பார்ப்போம். 2005இல் எரின் ஹானன், சாண்ட்ரா டிரெஹப் ஆகிய இரு ஆய்வாளர்கள் வட அமெரிக்கக் குழந்தைகளிடம் தாள அறிவைச் சோதித்தார்கள். ஆறு மாதக் குழந்தைகள் தங்கள் ஊர்த் தாளத்தில் நேரும் பிசகையும், ஒருபோதும் கேட்டிராத பால்கன் நாட்டுத் தாளத்தில் நேரும் பிசகையும் ஒன்றுபோலக் கண்டுகொண்டன. ஒரு வயதுக் குழந்தைகள் தங்கள் ஊர்த் தாளத்தின் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தன. ஆனால் சில நாட்கள் பால்கன் இசையைக் கேட்கவைத்ததும் அந்தக் குழந்தைகள் அதையும் பிடித்துக்கொண்டன. வளர்ந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதாக வரவில்லை.

2016இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்களைப் பற்றியது. மேற்கத்தியக் காதுக்கு இனிமை என்றும் கரகரப்பு என்றும் பிரிந்து ஒலிக்கும் சுரச் சேர்க்கைகள் இரண்டையும் அம்மக்கள் ஏறத்தாழ ஒரே அளவு இனிமையானவையாகவே மதிப்பிட்டார்கள். எல்லா மனிதருக்கும் இயற்கையாகவே இனிப்பது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த ஒன்றே பழக்கத்தின் விளைவாக இருக்கக்கூடும் என்பதை இந்த ஆய்வு காட்டியது.

பிறக்கும்போது காது திறந்தே இருக்கிறது. அருகில் ஒலிப்பதைக் கேட்டுக் கேட்டு அது தன் எல்லையை வகுத்துக்கொள்கிறது. அப்படியானால் அருகில் எது ஒலிக்கலாம், எது ஒலிக்கக்கூடாது என்பதை யார் தீர்மானித்தார்கள்? இந்த இடத்தில் உளவியல் முடிந்து வரலாறு தொடங்குகிறது. தமிழ்க் கிராமத்தில் இதைத் தீர்மானித்தது ஊர், சேரி என்ற பிரிவினைதான். கோயிலுக்குள் நாதஸ்வரம் ஒலித்தபோது நம் முன்னோர் மதிலுக்கு வெளியே நின்றார்கள். ஊர்ச் சாவுக்கும் திருவிழாவுக்கும் தண்டோராவுக்கும் பறையடிக்கும் கட்டாயம் நம்மீது சுமத்தப்பட்டது. ஊர்க்காரர் காதில் பறை விழாமல் இல்லை. பிணத்தோடும் ஏவலோடும் சேர்ந்தே விழுந்தது. ஓர் ஒலியை இழிவோடு சேர்த்துச் சேர்த்துக் கேட்ட காது, பிறகு அந்த ஒலியே இழிவானது என்று நம்பிவிடுகிறது.

தோல் யாருடையது?

பறை எப்போதும் இப்படி இருந்ததில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, யாழ் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. எல்லா நிலத்துக்கும் ஒரு பறை இருந்தது. புறநானூற்றுப் பாடல் ஒன்று துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் வரிசைப்படுத்திப் பெருமையோடு பேசுகிறது.

பெரியபுராணத்தில் நந்தனார் செய்த தொண்டு என்ன என்பதை நாம் திரும்பத் திரும்ப நினைவுபடுத்த வேண்டும். கோயில் முரசுகளுக்குப் போர்த்தும் தோலையும் இழுத்துக் கட்டும் வாரையும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். கோயிலின் இசைக்கு உடம்பைக் கொடுத்தவர் அந்த இசை ஒலித்த இடத்துக்குள் நுழைய முடியவில்லை. பிற்காலத்தில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரக் கீர்த்தனைகள் கச்சேரிகளில் உருக்கத்தோடு பாடப்பட்டன. நந்தனின் துயரம் மேடையேறியது. நந்தனின் தெருவில் ஒலித்த இசை ஏறவில்லை.

இது பழங்கதையல்ல. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலாமரக் கட்டை, பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார். வலந்தலையில் கருப்புச் சாதத்தை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும்போது, ஒவ்வோர் அடுக்குக்கும் தட்டிப் பார்த்துச் சுருதியைக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். மிக நுட்பமான காது இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். தஞ்சாவூரில் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து போன்றவர்கள் தலித் கிறித்தவர்கள். வித்வானின் விரல் தேடிய நாதத்தைத் தோலில் கண்டுபிடித்துக் கொடுத்தது அவர்களின் காது. ஆனால் சபாவின் கணக்கில் அவர்கள் ரசிகர்களும் அல்லர், கலைஞர்களும் அல்லர், வேலையாட்கள்.

இவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020இல் வெளியானது. வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர முதலில் ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. செய்தவர்களின் கதையை, செய்த பொருள் ஒலிக்கும் அரங்கில் சொல்ல 2020இலும் இயலவில்லை.

சபாவும் வானொலியும்

இன்று செவ்வியல் ரசனை என்று அறியப்படுவது கட்டப்பட்ட ஒன்று. கட்டிய ஆண்டுகளையும் நாம் சொல்ல முடியும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிசம்பர் கச்சேரிப் பருவமும், எது தூய இசை என்று தீர்ப்புச் சொல்லும் நிபுணர் குழுவும் அங்கிருந்து வளர்ந்தன. அதே காலகட்டத்தில், தலைமுறைகளாக இசையையும் நடனத்தையும் காத்துவந்த தேவதாசி மரபுப் பெண்கள் மேடையிலிருந்து விலக்கப்பட்டார்கள். பொட்டுக்கட்டும் கொடுமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அது தேவையான சட்டம். ஆனால் கொடுமை ஒழிந்தபோது கலை மட்டும் கைமாறி, வேறு சாதியின் மரியாதைக்குரிய சொத்தானது.

எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' எழுதி, கர்நாடக இசையின் வேர் பழந்தமிழ் இசையில் இருப்பதை வாதிட்டார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தமிழில் பாடுவதே குறை என்றிருந்த மேடையை அந்த இயக்கம் அசைத்தது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் அதன் மையக் கோரிக்கை மொழி பற்றியது. தேவாரம் மேடைக்கு வந்தது. ஒப்பாரியும் பறையும் வாசலிலேயே நின்றன. மொழியை மாற்றக் கேட்டவர்கள் காதை மாற்றக் கேட்கவில்லை.

பிறகு அரசின் முறை. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடைசெய்தது. அந்தத் தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1952இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர், மக்களின் ரசனையை உயர்த்துவதாகச் சொல்லித் திரைப்பாடல்களை ஒடுக்கினார். மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டது. மேலிருந்து ஊட்டிய ரசனையை மக்கள் துப்பிவிட்ட வரலாறு இது. நம் பேராசிரியர்கள் இதைப் பாடமாக நடத்துவது குறைவு.

'எல்லாம் கேட்பேன், அதைத் தவிர'

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட 'லா டிஸ்டிங்ஷன்' என்ற நூலில், ரசனை வர்க்க எல்லைகளைக் காக்கும் வேலையைச் செய்கிறது என்று காட்டினார். 1990களில் அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் பீட்டர்சன் ஒரு மாற்றத்தைக் கவனித்தார். மேல்தட்டினர் செவ்வியல் இசையோடு நின்றுவிடாமல் பல வகை இசையையும் விரும்புவதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் ரசிப்பதே புதிய அந்தஸ்தாகிவிட்டது.

அப்படியானால் வேலி உடைந்துவிட்டதா? 1996இல் பெத்தனி பிரைசன் அதே நாட்டின் கணக்கெடுப்பை வேறு கோணத்தில் ஆராய்ந்தார். விரும்புவதை விட்டுவிட்டு வெறுப்பதைப் பார்த்தார். படித்தவர்கள் குறைவான இசை வகைகளையே வெறுத்தார்கள். ஆனால் அவர்கள் ஒதுக்கியவை ராப், ஹெவி மெட்டல், கண்ட்ரி, காஸ்பல் ஆகியன. அதாவது, குறைவாகப் படித்தவர்கள் விரும்பிக் கேட்கும் இசை.

இதை நம் கல்லூரி விடுதிகளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கொரியப் பாப், ஆங்கில ராப், இளையராஜா, கொஞ்சம் கர்நாடக இசை எல்லாம் ஒரே கைப்பேசியில் இருக்கும். கானா என்றால் மட்டும் 'தர லோக்கல்' என்ற சொல் வரும். பறை என்றால் 'சாவு மேளம்' என்ற சொல் வரும். அமெரிக்கச் சேரியின் கோபப் பாட்டுக்குத் தலையாட்டும் காது, வியாசர்பாடியின் பாட்டுக்கு மூடிக்கொள்கிறது. தொலைதூரத்து ஒடுக்கப்பட்டவரை ரசிப்பதற்கு விலை எதுவும் இல்லை. பக்கத்துத் தெருக்காரரைக் கேட்கத் தொடங்கினால் அவரோடு சமமாக உட்கார வேண்டியிருக்கும்.

மறுப்பும் மீட்பும்

நம் தரப்பிலும் ஒரு விவாதம் முடியாமல் இருக்கிறது. பறையை எறிவதா, ஏந்துவதா? தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் முன்னின்று நடத்திய இழிதொழில் எதிர்ப்புப் போராட்டங்களில் பறையடிக்க மறுப்பது முக்கிய ஆயுதமாக இருந்தது. பல ஊர்களில் பறைகள் கிழிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. அந்த மறுப்புக்காக அடிவாங்கிய குடும்பங்கள் இன்றும் நம்மோடு இருக்கின்றன. 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசு தண்டோரா போடும் முறையை நிறுத்தச் சொன்னது என்பதை நினைத்தால், மறுத்தவர்கள் எவ்வளவு காலத்துக்கு முன்னால் நடந்தார்கள் என்பது புரியும்.

மறுபுறம், கே.ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். வெண்மணியில் 44 பேர் கொளுத்தப்பட்ட கொடுமையை ஒட்டி இன்குலாப் எழுதிய பாடல் அவர் குரலில்தான் பரவியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, கர்நாடக ராகங்களில் அமைந்த கீர்த்தனைகளின் இடத்தில் நாட்டுப்புற மெட்டை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்கள் கட்டாயத்துக்கு அடித்த கருவியைப் பெண்கள் விருப்பத்துக்கு அடித்தபோது அதன் பொருளே மாறியது.

எறிந்தவர்களும் ஏந்தியவர்களும் எதிரெதிரானவர்கள் அல்லர் என்பது நம் நிலைப்பாடு. இருவரும் ஒரே உரிமையைக் கேட்டார்கள்: எப்போது, எங்கே, யாருக்காக ஒலிப்பது என்பதை நாமே தீர்மானிக்கும் உரிமை. ஊர்ப் பிணத்துக்கு அடிக்க மறுக்கும் சுதந்திரம் இல்லாத இடத்தில், மேடைப் பறைக்குக் கைதட்டுவது அரைகுறை வேலை.

கடந்து கேட்பது பயன் தருமா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். வேற்று இசையைக் கேட்பதால் மாற்றம் வருமா? நம் மக்கள் எப்போதும் கடந்தே கேட்டிருக்கிறார்கள். தேவாலயத்தில் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையைப் பாடினார்கள், கொட்டகையில் திரையிசையைக் கேட்டார்கள், பட்டறையில் மிருதங்கத்தின் சுருதியைச் சேர்த்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணனின் கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்துக்கொண்டு வந்த இளைஞர் 1976இல் 'அன்னக்கிளி'யில் வயல்வெளி மெட்டைத் தந்தார். பத்தாண்டுகளில் பாக்கையும் தியாகராஜரையும் ஓர் இசைத்தொகுப்பில் சந்திக்கவைத்தார். கடந்து கேட்கும் கடமை எப்போதும் கீழிருப்பவர்மீதே விழுந்தது. மேலிருப்பவர் நின்ற இடத்திலேயே நின்று, அதற்குத் தரம் என்று பெயர் வைத்தார்.

2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒன்றாக ஒலித்தன. சாதிபேதமற்றவர் என்று அயோத்திதாசர் வலியுறுத்திய அடையாளத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது. 2020 டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்களின் மாதத்திலேயே மக்களின் இசைக்கு மேடை போட்டு, எதிர்த்தரப்பின் காதையும் கேட்க அழைத்தது. கடந்து கேட்பது பயன் தருவது இப்படி நடக்கும்போதுதான்.

ஆகவே பயன் உண்டு, நிபந்தனையோடு. கேட்பவர் கலைஞரின் பெயரை அறிந்திருக்க வேண்டும். கலைஞருக்கு மற்றக் கலைஞருக்கு நிகரான ஊதியம் கிடைக்க வேண்டும். கேட்டு முடித்த பிறகு அவரோடு ஒரே பந்தியில் உட்கார முடிய வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ரசனை வெறும் சேகரிப்பு.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. கர்நாடக இசை 'அவர்களுடையது' என்று ஒதுங்குவதும் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதால் உருவான ரசனைதான். அதன் தோல் நம்முடையது. அதைக் கேட்கவும் கற்கவும் விமர்சிக்கவும் நமக்கு உரிமை உண்டு. நமக்குள்ளேயே ஒரு சாதியின் கருவியை இன்னொரு சாதி தாழ்த்திப் பேசும் பழக்கமும் உண்டு. ஒப்பாரி பாடும் பெண்களை நாமே கலைஞர்களாக எண்ணத் தவறுகிறோம். இவற்றைப் பேசாமல் சபாவை மட்டும் விமர்சித்தால் நம் விமர்சனம் பாதியில் நின்றுவிடும்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் ஊரில் பறையோ உறுமியோ வாசிக்கும், ஒப்பாரி பாடும் ஒரு மூத்தவரிடம் போய் உட்காருங்கள். அடிகளின் பெயர்களைக் கேளுங்கள். யாரிடம் கற்றார், என்ன கூலி வாங்கினார், எந்தச் சாவுக்குப் போக மறுத்தார் என்று கேளுங்கள். அவர் விருப்பத்தோடு, அவர் பெயரோடு எழுதி வையுங்கள். மியூசிக் அகாடமிக்கு ஆண்டு வாரியாக ஆவணம் இருக்கிறது. நம் கலைஞர்களுக்கு அப்படி ஒன்று வேண்டுமென்றால் அதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

ஜெய் பீம்.